ஐந்து டாலருக்குச் சந்தேகப்படப்பட்ட வீட்டுப் பிள்ளை
முதலீட்டு உலகின் ஆசான் பெஞ்சமின் கிரஹாம்

2020ஆம் ஆண்டில் நம் நாட்டில் பங்குச் சந்தைப் பக்கமே போகாதவர்கள்கூடக் கையுறை நிறுவனப் பங்குகளைப் பற்றிப் பேசினார்கள். கோவிட்-19 பெருந்தொற்றால் உலகெங்கும் மருத்துவக் கையுறைகளுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. டாப் குளோவ் நிறுவனப் பங்கின் விலை 2020 அக்டோபரில் 9 ரிங்கிட்டைத் தாண்டியது. இரண்டே ஆண்டுகளில், 2022இன் இறுதிக்குள், அதே பங்கு 1 ரிங்கிட்டுக்கும் கீழே விழுந்தது. மற்றக் கையுறை நிறுவனங்களின் பங்குகளும் அதனுடன் சேர்ந்து சரிந்தன.

இந்தச் சரிவு ஒரே நாளில் நடக்கவில்லை. 9 ரிங்கிட் 6 ஆனபோது மலிவு என்று சிலர் வாங்கினார்கள். 6 ரிங்கிட் 3 ஆனபோது இன்னும் மலிவு என்று வேறு சிலர் வாங்கினார்கள். மருத்துவத் துறைக்கு என்றும் தேவை இருக்கும், எனவே விலை திரும்பவும் ஏறிவிடும் என்பது அவர்களின் கணக்கு.

ஒரு துறையின் பங்குகள் எல்லாம் ஒன்றாகச் சரியும்போது வாங்கலாமா, ஒதுங்கிக்கொள்ளலாமா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பெஞ்சமின் கிரஹாம். வாரன் பஃபெட்டின் ஆசிரியர் என்றே அவரைப் பலருக்குத் தெரியும். ஆனால் அவர் சொன்ன விடையைவிட, அந்த விடைக்கு அவர் வந்து சேர்ந்த வழிதான் நமக்கு அதிகம் கற்றுத்தருகிறது.

நொடித்துப்போன குடும்பம்

பெஞ்சமின் 1894 மே மாதம் லண்டனில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்போது அவருடைய குடும்பப் பெயர் கிராஸ்பாம். மூன்று ஆண் பிள்ளைகளில் அவரே கடைசி. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே குடும்பம் நியூயார்க்கிற்குக் குடிபெயர்ந்தது. தந்தை பீங்கான் பொருள்களை இறக்குமதி செய்து விற்றார். வீட்டில் வேலையாட்கள் இருந்தனர். குறை எதுவும் இல்லாத வாழ்க்கை.

1903இல் தந்தை இறந்தார். வணிகம் சில ஆண்டுகளிலேயே நொடித்துப்போனது. தாய் டோரதி வீட்டு அறைகளை வாடகைக்கு விட்டுப் பார்த்தார், கைகொடுக்கவில்லை. கடைசியாக, கடன் வாங்கி யு.எஸ். ஸ்டீல் நிறுவனப் பங்குகளை வாங்கினார். 1907இல் அமெரிக்க நிதிச் சந்தையில் பெரும் பீதி ஏற்பட்டது. பங்கு விலைகள் சரிந்தன, டோரதியின் பணம் முழுவதும் போனது.

அந்த நாள்களில் காசோலையை மாற்றிவர மகனை வங்கிக்கு அனுப்புவார் தாய். ஒரு முறை, இந்தப் பெண்மணியின் கணக்கில் ஐந்து டாலருக்காவது நம்பிக்கை வைக்கலாமா என்று வங்கி ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது சிறுவன் பெஞ்சமினின் காதில் விழுந்தது. அந்த அவமானத்தை முதுமையிலும் அவர் மறக்கவில்லை.

கடன் வாங்கிப் பங்கு வாங்கினால் என்ன ஆகும் என்பதை அவர் பாடப்புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. தம் வீட்டிலேயே பார்த்தார். ஆனால் பார்த்த பாடத்தையும் மனிதன் மறப்பான் என்பதற்கு அவருடைய வாழ்க்கையே பின்னர் சாட்சியானது.

கைநழுவி வந்த உபகாரச் சம்பளம்

பள்ளியில் பெஞ்சமின் முதல்தர மாணவர். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க உபகாரச் சம்பளத்திற்கு விண்ணப்பித்தார், கிடைக்கவில்லை. வேறு வழியின்றித் தொலைபேசிப் பாகங்களைப் பொருத்தும் வேலைக்குப் போனார். பின்னர்தான் உண்மை தெரிந்தது. அதே குடும்பப் பெயர் கொண்ட உறவினர் ஒருவர் ஏற்கெனவே கொலம்பியாவில் படித்துக்கொண்டிருந்தார். இருவரின் ஆவணங்களையும் அலுவலகம் குழப்பிக்கொண்டதால் இவருக்கு உரிய இடம் தவறிப்போயிருந்தது. தவறு திருத்தப்பட்டு, அடுத்த ஆண்டு அவர் உபகாரச் சம்பளத்துடன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார்.

பகுதிநேர வேலை செய்துகொண்டே படித்தவர், 1914இல் வகுப்பில் இரண்டாம் நிலையில் தேர்ச்சி பெற்றார். அப்போது அவருக்கு வயது 20. ஆங்கிலம், கணிதம், தத்துவம் ஆகிய மூன்று துறைகளும் அவரை ஆசிரியப் பணிக்கு அழைத்தன. குடும்பத்திற்குப் பணம் தேவைப்பட்டது. அவர் மூன்றையும் விட்டுவிட்டு, வாரத்திற்கு 12 டாலர் சம்பளத்தில் வால் ஸ்திரீட்டில் ஒரு பங்குத் தரகு நிறுவனத்தில் சேர்ந்தார். முதல் உலகப் போரின்போது ஜெர்மானியச் சாயல் கொண்ட பெயர்களுக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு இருந்தது. அதனால் குடும்பம் கிராஸ்பாம் என்ற பெயரைக் கிரஹாம் என்று மாற்றிக்கொண்டது.

யாரும் புரட்டாத அறிக்கை

அக்கால வால் ஸ்திரீட்டில் பங்குகள் பெரும்பாலும் வதந்தியின்பேரிலும் உள்தகவலின்பேரிலும் கைமாறின. நிறுவனத்தின் கணக்கைப் படித்துப் பார்த்து வாங்குபவர்கள் குறைவு. கிரஹாம் படித்தார்.

1926இல் அவர் நிதி நிர்வாகம் செய்துவந்த காலத்தில், எண்ணெய்க் குழாய் நிறுவனங்கள் அரசாங்க ஆணையத்திடம் அளித்திருந்த விரிவான அறிக்கைகளைப் பார்க்க வாஷிங்டனுக்குச் சென்றார். அவற்றுள் ஒன்று நார்தர்ன் பைப்லைன். அதன் பங்கு சந்தையில் சுமார் 65 டாலருக்கு விற்றது. ஆனால் அந்த நிறுவனம் வைத்திருந்த ரயில்வேக் கடன் பத்திரங்களின் மதிப்பை மட்டும் கணக்கிட்டாலே, ஒரு பங்குக்கு ஏறக்குறைய 95 டாலர் வந்தது. அதாவது, 95 டாலர் இருக்கும் பையை 65 டாலருக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். பைக்குள் என்ன இருக்கிறது என்று எவரும் திறந்து பார்க்கவில்லை.

கிரஹாம் பங்குகளை வாங்கினார். தேவைக்கு மிஞ்சிய பணத்தைப் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்து தரும்படி நிர்வாகத்தைக் கேட்டார். அவர்கள் மசியவில்லை. மற்றப் பங்குதாரர்களின் ஆதரவைத் திரட்டி, 1928இல் இயக்குநர் குழுவுக்குள் நுழைந்தார். கடைசியில் பங்குதாரர்களுக்குப் பணம் கிடைத்தது.

மலிவு என்ற சொல்லுக்கு அவர் கண்ட பொருள் இதுதான். நேற்றைய விலையைவிட இன்றைய விலை குறைந்திருப்பது மலிவு ஆகாது. பொருளின் மதிப்பைவிட விலை குறைந்திருந்தால்தான் அது மலிவு.

இழப்பும் சரிவும்

பணம் சேரத் தொடங்கிய அந்த ஆண்டுகளில்தான் வீட்டில் பேரிடி விழுந்தது. 1927இல், ஐசக் நியூட்டன் என்று ஆசையாகப் பெயர் வைத்த மூத்த மகன், மூளைச் சவ்வுக் காய்ச்சலால் சிறு வயதிலேயே இறந்தான். அலெக்சாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைக் கண்டறிந்தது அடுத்த ஆண்டு, 1928இல். அது நோயாளிகளுக்குப் பரவலாகக் கிடைக்க 1940கள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஒரு மருந்து இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் என்ன வேறுபாடு என்பது கிரஹாமுக்குத் தெரியும்.

1929இன் தொடக்கத்தில் அவர் நிர்வகித்த நிதி சுமார் 2.5 மில்லியன் டாலர். அதே ஆண்டு அக்டோபரில் சந்தை சரிந்தது. அந்த ஆண்டு அவருக்கு 20 விழுக்காடு நட்டம். மற்றவர்களோடு ஒப்பிட்டால் அது பரவாயில்லை.

1930 தொடக்கத்தில் ஃபுளோரிடாவில் 93 வயது வணிகர் ஒருவரை அவர் சந்தித்தார். கையில் எவ்வளவு பங்கு இருக்கிறது, எவ்வளவு கடன் இருக்கிறது என்று முதியவர் விசாரித்தார். பிறகு, உடனே நியூயார்க் திரும்பி எல்லாவற்றையும் விற்றுக் கடனை அடைத்துவிடும்படி அறிவுரை சொன்னார். 36 வயதைக்கூட எட்டாத கிரஹாம் அதைப் பொருட்படுத்தவில்லை. மோசமான கட்டம் முடிந்துவிட்டது, இனி விலை ஏறும் என்று நம்பினார். கடன் வாங்கிய பணமும் சந்தையில் இருந்தது.

சந்தை மேலும் சரிந்தது. 1930இல் மட்டும் 50 விழுக்காடு நட்டம். 1932க்குள் மொத்த நிதியில் ஏறக்குறைய 70 விழுக்காடு கரைந்துபோனது. முதலீட்டாளர்களின் நட்டத்தை ஈடுகட்டும்வரை தமக்குக் கட்டணம் கிடைக்காது என்பது ஒப்பந்தம். ஆகவே சில ஆண்டுகள் அவர் சம்பளமின்றியே வேலை செய்தார். நடனம் பயிற்றுவிக்க மனைவி மீண்டும் வேலைக்குப் போனார். ஆடம்பர வீட்டை விட்டுச் சிறிய வீட்டுக்குக் குடிபெயர்ந்தார்கள். 1907இல் தாய்க்கு நடந்தது ஏறக்குறைய அப்படியே மகனுக்கும் நடந்தது.

தாயிடம் இல்லாத படிப்பு மகனிடம் இருந்தது, கணக்கறிவும் இருந்தது. இருந்தும் காப்பாற்றவில்லை. காரணம், அவர் வாங்கிய பங்குகள் எல்லாம் மோசமானவை என்பதல்ல. கடன், அவரைக் காத்திருக்க விடவில்லை.

வகுப்பறையில் பிறந்த நூல்

1928 முதல் கிரஹாம் கொலம்பியாவில் மாலை வகுப்பு நடத்திவந்தார். வகுப்பில் குறிப்பெடுத்து உதவிய டேவிட் டாட் என்பவருடன் சேர்ந்து, 1934இல் 'செக்யூரிட்டி அனாலிசிஸ்' என்ற நூலை வெளியிட்டார். மக்கள் பங்கு என்ற சொல்லைக் கேட்டாலே ஓடிய காலம் அது. அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1932இல், ஃபோர்ப்ஸ் இதழில் மூன்று கட்டுரைகள் எழுதினார். 600 தொழில் நிறுவனங்களை ஆராய்ந்ததில், மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்டவை தங்கள் கையில் இருக்கும் நிகர நடப்புச் சொத்தின் மதிப்பைவிடக் குறைந்த விலைக்கு விற்பனையாவதாக அவற்றில் எடுத்துக்காட்டினார். அடிபட்டவர் அச்சத்தில் ஒதுங்கிவிடாமல் மறுபடியும் கணக்கைத் திறந்து பார்த்தார் என்பது கவனிக்கத்தக்கது. 1935இன் இறுதிக்குள் தம் முதலீட்டாளர்களின் நட்டத்தை முழுமையாக ஈடுகட்டினார்.

சாதாரண மக்களுக்காக 1949இல் அவர் எழுதிய நூல் 'தி இன்டெலிஜென்ட் இன்வெஸ்டர்'. அதில் இரண்டு கருத்துகள் புகழ்பெற்றவை.

முதலாவது, திரு. சந்தை என்ற கற்பனை மனிதர். அவர் நம் தொழிலில் பங்காளி. தினமும் வந்து, நம் பங்கை வாங்கிக்கொள்ளவோ தம் பங்கை விற்கவோ ஒரு விலை சொல்வார். மனம் குளிர்ந்திருக்கும் நாளில் விலை எக்கச்சக்கமாக இருக்கும். சோர்ந்திருக்கும் நாளில் அடிமாட்டு விலை. அவர் சொல்லும் விலை நமக்குச் சாதகமாக இருந்தால் ஏற்கலாம், இல்லாவிட்டால் விட்டுவிடலாம். ஆனால் நம் தொழிலின் மதிப்பு என்ன என்பதை அவர் முகத்தைப் பார்த்து முடிவு செய்யக்கூடாது.

இரண்டாவது, பாதுகாப்பு இடைவெளி. நம் கணக்கு தவறிப்போகலாம் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு, மதிப்புக்கும் விலைக்கும் இடையில் போதிய இடைவெளி இருந்தால் மட்டுமே வாங்க வேண்டும். 10 டன் லாரிகள் போகும் பாலத்தை 30 டன் தாங்கும்படி கட்டுவதைப் போன்றது இது.

மருத்துவமனைப் பங்கும் மதிப்பும்

இந்த நூலின் கடைசித் திருத்தப் பதிப்பை 1970களின் தொடக்கத்தில் கிரஹாம் தயாரித்தார். அதில் நிறுவனங்களை இரண்டிரண்டாக எடுத்து ஒப்பிடும் அத்தியாயம் ஒன்று உண்டு. ஒரு ஜோடி முழுக்க முழுக்க மருத்துவத் துறையைச் சேர்ந்தது. மருந்து தயாரித்த அமெரிக்கன் ஹோம் புரோடக்ட்ஸ், மருத்துவமனைக் கருவிகளை விற்ற அமெரிக்கன் ஹாஸ்பிட்டல் சப்ளை ஆகியவையே அவை.

இரண்டும் வேகமாக வளர்ந்த, இலாபகரமான நிறுவனங்கள். 1969இன் இறுதியில் முதலாவதன் பங்கு, அதன் ஆண்டு இலாபத்தைப் போல் சுமார் 30 மடங்கு விலைக்கு விற்றது. இரண்டாவதன் பங்கு 50 மடங்குக்கும் மேல். மருத்துவத் துறை வளரும் என்பதில் கிரஹாமுக்குச் சந்தேகம் இல்லை. அந்த வளர்ச்சிக்கு இவ்வளவு விலை கொடுக்கலாமா என்பதே அவருடைய கேள்வி. நல்ல நிறுவனமாக இருப்பது ஒன்று, நல்ல முதலீடாக இருப்பது இன்னொன்று. இரண்டையும் இணைப்பது விலை. 1970இல் சந்தை இறங்கியபோது இந்த இரு பங்குகளுக்கும் விதிவிலக்கு கிடைக்கவில்லை.

மகனை நோய்க்குப் பறிகொடுத்த ஒருவர், மருத்துவம் மனிதனுக்கு எவ்வளவு தேவை என்பதை அறியாதவர் அல்லர். ஆனால் தேவை என்பதால் எந்த விலையும் நியாயமாகிவிடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

இரண்டு சரிவுகள், இரண்டு முடிவுகள்

கிரஹாமின் அளவுகோலை அவருடைய காலத்துக்குப் பிந்திய இரண்டு சரிவுகளில் வைத்துப் பார்க்கலாம்.

1993இல் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் சுகாதாரத் துறைச் சீர்திருத்தத்தை முன்வைத்தார். மருந்து விலைக்குக் கட்டுப்பாடு வரும் என்ற அச்சத்தில் பெரிய மருந்து நிறுவனங்களின் பங்குகள் கடுமையாகச் சரிந்திருந்தன. 1994இல் திட்டம் நாடாளுமன்றத்தில் தோற்றது. அடுத்து வந்த ஆண்டுகளில் அப்பங்குகள் நன்றாக ஏறின. அங்கே விழுந்தது பெரும்பாலும் திரு. சந்தையின் மனநிலை. மருந்துகளும் காப்புரிமைகளும் இலாபமும் அப்படியே இருந்தன.

நம் கையுறைக் கதை வேறு. டாப் குளோவ் 2021 நிதியாண்டில் 7 பில்லியன் ரிங்கிட்டுக்கும் மேல் இலாபம் ஈட்டியது. அந்த இலாபத்தோடு ஒப்பிட்டபோது, சரிந்துகொண்டிருந்த பங்கு மிக மலிவாகத் தெரிந்தது. ஆனால் அந்த இலாபம் பெருந்தொற்று தந்த ஒருமுறை வரவு. புதிய தொழிற்சாலைகள் வந்தன, கையுறை விலை இறங்கியது, 2023 நிதியாண்டில் நிறுவனம் நட்டக் கணக்குக் காட்டியது. அங்கே விலையோடு சேர்ந்து மதிப்பும் விழுந்தது.

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டு வரைபடங்களும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கண்டறியக் கிரஹாம் சில எளிய சோதனைகளை வைத்திருந்தார். ஓர் ஆண்டின் இலாபத்தை நம்பாதே, பல ஆண்டுகளின் சராசரியைப் பார். கடந்த பத்து ஆண்டுகளில் ஓர் ஆண்டிலாவது நட்டம் உண்டா என்று பார். நடப்புச் சொத்து, நடப்புக் கடனைப் போல் இரு மடங்காவது இருக்கிறதா என்று பார். நீண்ட காலமாக இடைவிடாமல் இலாப ஈவு தந்திருக்கிறதா என்று பார். கடந்த மூன்று ஆண்டுச் சராசரி இலாபத்தைப் போல் 15 மடங்குக்கு மேல் விலை கொடுக்காதே. ஒரே பங்கில் எல்லாவற்றையும் போடாதே.

முதல் சோதனை ஒன்று போதும். 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளோடு அதற்கு முந்தைய ஆண்டுகளையும் சேர்த்துச் சராசரி எடுத்திருந்தால், கையுறைப் பங்கு அவ்வளவு மலிவு இல்லை என்பது தெரிந்திருக்கும். அதற்குத் தேவைப்பட்டவை நிறுவனத்தின் ஆண்டறிக்கைகளும் ஒரு கால்குலேட்டரும்தான். ஆண்டறிக்கைகளை எடுக்கக் கிரஹாமைப் போல் நாம் வாஷிங்டன்வரை போக வேண்டியதில்லை, புர்சா மலேசியா இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன.

விதியை மீறிய வெற்றி

கிரஹாமின் சொந்த வாழ்க்கை அவருடைய விதிகளுக்குள் முழுவதும் அடங்கவில்லை. 1948இல் கெய்கோ என்ற காப்பீட்டு நிறுவனத்தின் பாதியை அவருடைய நிறுவனம் ஏறக்குறைய 712,000 டாலருக்கு வாங்கியது. பணத்தைப் பல இடங்களில் பரப்ப வேண்டும் என்று போதித்தவர், நிதியின் கால் பங்குக்கு அருகில் ஒரே இடத்தில் போட்டார். அந்த ஒரு முதலீடு தந்த இலாபம், மற்ற எல்லா முதலீடுகளிலும் அவர் ஈட்டியதைவிட அதிகம். இதில் அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

1950களின் நடுவில் வாரன் பஃபெட் அவரிடம் வேலை செய்தார். 1956இல் கிரஹாம் நிறுவனத்தை மூடிவிட்டு ஓய்வுபெற்றார். பணம் சேர்ப்பது மட்டுமே அவருடைய வாழ்க்கையாக இருந்ததில்லை. கிரேக்க, லத்தீன் இலக்கியங்களை விரும்பிப் படித்தார். அவர் எழுதிய நாடகம் ஒன்று 1934இல் பிராட்வேயில் அரங்கேறி, நான்கே காட்சிகளில் முடிந்துபோனது. உருகுவே எழுத்தாளர் மரியோ பெனெடெட்டியின் நாவல் ஒன்றை ஸ்பானிய மொழியிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். குடும்ப வாழ்க்கையில் துயரங்கள் தொடர்ந்தன. மூன்று திருமணங்கள் நிலைக்கவில்லை. 1976 செப்டம்பர் 21 அன்று, 82ஆவது வயதில், பிரான்சில் காலமானார்.

கடைசி ஆண்டுகளில், பங்குகளைத் துருவித் துருவி ஆராய்வதால் முன்போல் பலன் கிடைக்காது என்றும், எளிய சில விதிகளை விடாமல் பின்பற்றுவதே போதும் என்றும் அவர் கருதினார். தாம் எழுதிய தடித்த நூலையே மறுபரிசீலனை செய்யும் துணிவு அந்த வயதிலும் அவரிடம் இருந்தது.

நமக்கு என்ன?

நம்மில் பலர் படிப்பு முடிந்ததும் பிடிபிடிஎன் கடனோடுதான் வேலைக்குப் போகிறோம். முதல் சம்பளத்திலேயே கைப்பேசிச் செயலி வழியாகப் பங்கு வாங்கும் வசதி வந்துவிட்டது. அடுத்த முறை மருத்துவமனை, மருந்து, கையுறைப் பங்குகள் சரியும்போது, வாங்கு என்று ஒரு நண்பர் சொல்வார். ஓடு என்று இன்னொருவர் சொல்வார்.

கிரஹாமின் வழி, இருவரையும் சற்று நிறுத்திவைத்துவிட்டு மூன்று கேள்விகளைக் கேட்பது. விழுந்தது விலை மட்டுமா, மதிப்பும் சேர்ந்தா? என் கணக்கு தவறினால் எனக்கு எவ்வளவு இடைவெளி இருக்கிறது? இன்னும் பாதியாக விழுந்தாலும் என்னால் காத்திருக்க முடியுமா, அல்லது இது கடன் பணமா?

முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை காண அறிக்கைகளைப் படிக்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு நம் வங்கிக் கணக்கைப் பார்த்தாலே போதும். டோரதி கிராஸ்பாம் 1907இலும், அவருடைய மகன் 1930இலும் தவறவிட்டது அந்த மூன்றாவது கேள்வியைத்தான்.